பல்லைக் கடிப்பவர்களுக்கு மெட்டல் கிளிப்பா, அலைனரா?

நானும் என் தம்பியும் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள். வில்லிவாக்கம் வீட்டில் ஹாலில் படுக்கும் அம்மாவுக்கு இரண்டு அறையிலிருந்தும் நறநறவென்று கேட்கும். சின்ன வயதில் வயிற்றில் பூச்சி என்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார், நிற்கவில்லை. வேலைக்குப் போன பிறகு பல் வரிசையைச் சரிசெய்ய நான் பல்லிலேயே ஒட்டிக் கம்பி கோர்க்கும் மெட்டல் கிளிப் போட்டேன், அவன் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் வாங்கினான். ஒரே வீட்டில் இரண்டையும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுமே பல் கடிப்பதை நிறுத்தாது. தூக்கம் லேசாகக் கலையும் நொடிகளில் தாடைத் தசை தானாக இறுகுவதுதான் ராத்திரி கடிப்பது. மன அழுத்தம், ராத்திரி குடிக்கும் காபி, மது, சிகரெட், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது என்று தொடர்புள்ளவை பல. கோணல் பல்லை நேராக்கினால் அது போய்விடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மெட்டல் கிளிப்பில் என் பெரிய தொல்லை பிராக்கெட், அதாவது கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்ன உலோகத் துண்டு, பெயர்வது. ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது கீழ்க் கடைவாயில் ஏதோ நாக்கில் இடறியது. கண்ணாடியில் பார்த்தால் பிராக்கெட் பல்லை விட்டுக் கழன்று, கம்பியில் கோர்த்த பாசிமணி மாதிரி முன்னும் பின்னும் ஓடுகிறது. அதைத் திரும்ப ஒட்டும்வரை அந்தப் பல் சரியாக நகராது. இரண்டாவது முறையும் பெயர்ந்த பிறகு டாக்டர் மேல் கடைவாய்ப் பற்களின்மேல் நீல நிறத்தில் சின்ன மேடு வைத்தார், மேல்பல் கீழ் பிராக்கெட்டில் இடிக்காமல் இருக்க. வாய் முழுதாக மூடாது, ஒரு வாரம் இட்லியைக்கூட நசுக்கித்தான் விழுங்கினேன், ஆனால் அதற்கப்புறம் ஒன்றும் பெயரவில்லை. நன்றாகத் திரும்பிக்கிடக்கும் பல், நிறைய நகர வேண்டிய பல் என்றால் கிளிப்தான் நம்பகமானது, கழற்றி வைக்க முடியாது என்பதே அதன் பலம். குறை என்னவென்றால், பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் பல் தேயாமல் இருக்க ராத்திரி மாட்டிக்கொள்ளும், அளவெடுத்துச் செய்த கெட்டியான நைட் கார்டு அடுத்த மாதமே பொருந்தாமல் போய்விடும். ஏற்கெனவே எனாமல் (பல்லின் கெட்டியான மேல்பகுதி) தேய்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அலைனர் அந்த இடத்தில் உதவுகிறது. பல்லும் பல்லும் உரசாமல் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் உறை, தேய்வது அதுதான். தம்பி மாற்றிப்போட்ட பழைய அலைனரை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன்: கடைவாய்ப் பக்கம் பால் மாதிரி வெளுத்து, ஓரத்தில் மயிரிழை விரிசல். ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்த ஜோடி வந்துவிடுவதால் சமாளிக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டே ஆக வேண்டும். சூடான காபிக்குக் கழற்ற வேண்டும், திரும்பப் போடுமுன் வாய் கொப்பளிக்க வேண்டும். இறுக்கிக் கடிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கடைவாய்ப் பற்கள் கொஞ்சம் உள்ளே அமுங்கி, சிகிச்சை முடிவில் பின்பக்கம் மேலும் கீழும் ஒட்டாமல் நிற்கலாம். தம்பிக்கு அப்படித்தான் ஆனது, அதைச் சரிசெய்ய இன்னும் சில மாதம் பிடித்தது.

செராமிக் கிளிப்பை நீங்கள் கேட்டாலும் கீழ்ப்பல்லுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது எனாமலைவிடக் கடினம், மேல்பல் அதில் உரசினால் பல்தான் தேயும். மேல்வரிசைக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம்.

என் கணக்கு இது: கோணல் கொஞ்சம்தான், எனாமல் தேய ஆரம்பித்துவிட்டது, நேரம் தவறாமல் போடும் ஆள் என்றால் அலைனர். மற்றபடி மெட்டல், கடைவாய் மேடு வைத்து. செலவு பயமாக இருந்தால் சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953 முதல் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், ரீட்டெய்னர்: சிகிச்சை முடிந்தபின் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க மாட்டுவது. இதை யாரும் ஆரம்பத்தில் பேசுவதில்லை. மெல்லிய கண்ணாடி மாதிரி ரீட்டெய்னரை எங்களைப் போன்றவர்கள் சில மாதத்தில் ஓட்டை போட்டுவிடுவோம். நைட் கார்டாகவும் ரீட்டெய்னராகவும் பயன்படும் கெட்டியான அக்ரிலிக் ஒன்று செய்து தருவார்களா, அதற்கு எவ்வளவு ஆகும் என்பதை முன்பணம் கட்டும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.