ரூ.8,450 கட்டி ஏமாந்தேன்: பால் எடுக்கும் அம்மாக்கள் தீம் பார்க் போவதற்கு முன் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். காய்ச்சலும் முழுசாக விடவில்லை, ஆத்திரமும் அடங்கவில்லை. கோடை விடுமுறை முடிவதற்குள் என்னைப் போல இன்னும் எத்தனை பேர் அங்கே போய் நிற்பார்களோ என்றுதான் படுத்தபடியே எழுதுகிறேன். பெயர் போடவில்லை. சென்னைக்கு வெளியே, ராட்டினமும் தண்ணீர் விளையாட்டும் சேர்ந்த ஒரு பெரிய தீம் பார்க். என்னென்ன உஷாராகப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு ஐந்து மாதம். பாப்பா பிறந்ததிலிருந்து பெரியவனை எங்கேயும் கூட்டிப் போகவில்லை. பிறந்தநாளுக்கு அலைக்குளத்தில் குதிக்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மே மாத வெயிலில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால் பாப்பாவை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நான், வீட்டுக்காரர், நாத்தனார், அவர் மகள், பெரியவன் என்று ஐந்து பேர் போவதாக முடிவு. பாப்பா குடிக்க வேண்டிய பாலை முந்தின நாளே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். ஆனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்காவிட்டால் எனக்குப் பால் கட்டிக்கொள்ளும். பெரியவனுக்குக் கொடுக்கும்போதே ஒரு முறை பட்டிருக்கிறேன். அதனால்தான் டிக்கெட் போடுவதற்கு முன்பே அவர்கள் நம்பருக்குப் போன் செய்தேன்.

ஒரு பெண் எடுத்தார். பால் எடுக்கத் தனி அறை இருக்கிறதா, பம்ப் சொருக பிளக் பாயின்ட் வேலை செய்யுமா, எடுத்த பாலை வைக்க ஃப்ரிட்ஜ் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் "இருக்கு" என்றார். பொது அறையில் கூட்டமாக இருக்கும், குடும்பங்களுக்கான ஸ்பெஷல் பாஸ் எடுத்தால் ஏசி அறை, சோபா, ஃப்ரிட்ஜ் எல்லாம் தனியாகக் கிடைக்கும், 1,950 ரூபாய்தான் என்றார். நான் யோசித்தேன். அப்போதுதான் குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கும் ஏழு மாசக் குழந்தை இருக்கு. நானே அந்த ரூம்லதான் எடுக்கிறேன். தைரியமா வாங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். அவளும் என்னைப் போல ஒரு அம்மா, பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பெரியவர்கள் மூன்று பேருக்கு 4,200, பிள்ளைகள் இரண்டு பேருக்கு 2,300, பாஸ் 1,950. மொத்தம் 8,450 ரூபாய். அவர் லைனில் இருக்கும்போதே அனுப்பிவிட்டேன்.

வாசலிலேயே ஆரம்பித்தது. பை சோதிக்கிறவர் என் கூலர் பையைத் திறந்து ஐஸ் பேக்கை எடுத்து மேஜையில் வைத்தார். வெளியிலிருந்து சாப்பாட்டுச் சாமான் எதுவும் வரக்கூடாதாம். அப்புறம் பம்பை வெளியே எடுத்தார். அதன் புனல், டியூப், பாட்டில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "இது என்ன மெஷின்?" என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர் கிட்டே போய்ச் சொன்னதும் பம்பைத் திருப்பித் தந்தார். ஐஸ் பேக்கைத் தரவில்லை, டோக்கன் போட்டு வைத்துக்கொண்டார். உள்ளே ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

பதினொன்றரைக்கு அந்த அறையைத் தேடிப் போனேன். பூட்டு. சாவி சூப்பர்வைசரிடம், சூப்பர்வைசர் ரவுண்ட்ஸில். முக்கால் மணி நேரம் பம்பை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். சட்டை நனைய ஆரம்பித்துவிட்டது, துப்பட்டாவை மடித்து மேலே போட்டுக்கொண்டேன். கதவைத் திறந்தால் உள்ளே காற்றடித்த மிதவைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது. சோபா இல்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் ஈரமான லைஃப் ஜாக்கெட். ஏசி இல்லை. பிளக் பாயின்ட் இருந்தது, கரன்ட் வரவில்லை. ஃப்ரிட்ஜ் எங்கே என்று கேட்டேன். "அது சர்வீஸுக்குப் போயிருக்கு மேடம்." எப்போது போனது? "நான் சேர்றதுக்கு முன்னாடியே." கதவில் தாழ்ப்பாள்கூட இல்லை. நாத்தனார் வெளியே முதுகைக் கொடுத்து நின்றார். பம்பில் இருந்த கொஞ்சநஞ்ச சார்ஜில் ஒரு பக்கம் பாதி எடுத்தேன், நின்றுவிட்டது.

மிச்சத்தைக் கழிப்பறையில் நின்றபடி கையால் பீச்சி எடுத்தேன். மொத்தம் 110 மில்லி. எடுத்த பால் 25 டிகிரி வரைக்கும் உள்ள அறையில் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள். அன்றைக்கு அடித்த வெயிலில், ஐஸ் பேக்கும் இல்லாமல்? ஐஸ்கிரீம் கடையில் கெஞ்சிப் பார்த்தேன், மறுத்துவிட்டார்கள். கடைசியில் கைகழுவும் தொட்டியில் ஊற்றினேன். தொட்டி வாயில் யாரோ உதிர்த்த முடி சுருண்டு கிடந்தது. அதன் மேல் என் பிள்ளையின் பால் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டு இறங்கியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

பெரியவன் பிறந்த சமயம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தாய்மார்கள் பாலூட்டும் அறையில் உட்கார்ந்து கொடுத்திருக்கிறேன். 2015-இல் தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளில் திறந்தார்களே, அதுதான். நாற்காலி இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, ஒரு ரூபாய் கேட்கவில்லை. இங்கே 8,450 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு தாழ்ப்பாள் வைக்க முடியவில்லை.

ராத்திரி வீடு திரும்பும்போது இடது பக்கம் கல்லாகிவிட்டது. குளிர் ஜுரம், 102. அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னார். அம்மா உடனே தடுத்துவிட்டார், அது பாலை வற்ற வைப்பதற்குக் கட்டுவது. திங்கட்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, அந்தப் பக்கமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். பாப்பா வாய் வைக்கும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

பணத்தைக் கேட்ட கதை தனி. அன்று சாயங்காலமே கவுன்டரில் கேட்டேன். மேனேஜர் லஞ்சுக்குப் போயிருக்கிறார் என்றார்கள், மணி ஐந்து. மறுநாள் போனில் வேறு ஒரு பையன். "டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம்." டிக்கெட் வேண்டாம், பாஸ் காசையாவது கொடுங்கள் என்றேன். "வசதிகள் இருப்பைப் பொறுத்ததுன்னு கண்டிஷன்ல இருக்கு மேடம்." என்னிடம் பேசிய அந்தப் பெண்ணிடம் கொடுங்கள் என்றேன். அப்படி யாரும் இங்கே இல்லையாம். மெயில் போட்டேன், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று அரை நிமிஷத்தில் பதில் வந்தது, அவ்வளவுதான். இன்று காலை கடைசியாகச் சொன்னது: அடுத்த முறை வரும்போது 200 ரூபாய் தள்ளுபடி, முப்பது நாளுக்குள் வர வேண்டும். 8,450 ரூபாய்க்கு 200.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே பொது இடங்களில் பாலூட்டும் அறை வேண்டும் என்று மாநில அரசுகளுக்குச் சொல்லியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் தேடிப் படித்துக் காட்டினார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அவர்தான் போட்டார், புகார் பதிவாகியிருக்கிறது. அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், உட்கார முடியவில்லை. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னதை நம்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். அந்த அறையின் போட்டோ கேளுங்கள். கையால் இயக்கும் பம்ப் ஒன்று கட்டாயம் பையில் இருக்கட்டும். ஐஸ் பேக் உள்ளே விடுவார்களா என்று தனியாகக் கேளுங்கள். அறையைப் பார்க்காமல் பாஸுக்கு மட்டும் காசு கட்டாதீர்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

பாப்பா எழுந்துவிட்டாள், இடது பக்கம் கொடுக்கும் முறை. போகிறேன்.