நடுப்பகல் பேய்க்கு லெவல் எதற்கு? – விட்சர் 3, பல ஆண்டுகள் ஆடிய பிறகு

விட்சர் 3 தள்ளுபடியில் அடிமட்ட விலைக்கு இறங்கிவிட்டது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 2015 மே மாதம் வெளியான கேம்; பேய், பூதங்களைக் கூலிக்கு வேட்டையாடும் ‘விட்சர்’ கெரால்டாக நாம் ஆடுவது. விட்டு விட்டு ஆடிக்கொண்டே இருக்கிறேன். 2022 டிசம்பரில் இலவச அப்டேட் வந்ததும் முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன். கிராபிக்ஸ், மேப்பின் பரப்பு, குவெண்ட் சீட்டாட்டம் பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னை இத்தனை ஆண்டுகளாக உறுத்துவது ஒன்றுதான்: பேய்களின் தலைக்கு மேல் தெரியும் அந்த எண், அதாவது பலத்தைக் காட்டும் லெவல்.

தொடக்கப் பகுதியான ஒயிட் ஆர்ச்சர்டிலேயே ஒரு நடுப்பகல் பேய் வரும். போலந்து நாட்டுக் கதைகளில் அதன் பெயர் பொவுத்னீத்சா. உச்சி வெயிலில் வயலை விட்டு நகராதவர்களைப் பிடிக்கும் பெண் பேய். கேம் அவளுக்கு ஒரு வரலாறு கொடுக்கிறது: பாழடைந்த குடியிருப்பு, கொலையுண்ட பெண்ணின் எலும்பு கிடக்கும் கிணறு, ஒரு வளையல். எலும்பையும் வளையலையும் சேர்த்து எரித்தால்தான் அவள் வெளிவருவாள். யர்டன் மந்திர வட்டத்துக்குள் சிக்கினால்தான் அவளுக்கு உடல் கூடும், வெள்ளி வாள் அவள்மேல் படும். இவள் யார், எப்படிச் செத்தாள், எதை விட முடியாமல் இங்கே அலைகிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவனுக்கே வெற்றி. நாட்டார் கதையின் உயிரே இதுதான். முதல் சில மணி நேரத்திலேயே இதை இவ்வளவு சுத்தமாகச் செய்துகாட்டிய இன்னொரு கேமை நான் ஆடியதில்லை.

ஆனால் வெலன் என்ற அடுத்த பகுதிக்குப் போய், வழி தவறி இன்னொரு வயலில் அதே வகைப் பேயிடம் மாட்டிப் பாருங்கள். உங்களைவிட அதன் லெவல் மிக அதிகம் என்று தலைக்கு மேல் சிவப்பு மண்டை ஓடு நிற்கும். பெஸ்டியரி என்ற பேய்களைப் பற்றிய குறிப்பேட்டை வரி வரியாகப் படித்து, வாளுக்கு உரிய எண்ணெய் தடவி, யர்டனைச் சரியான இடத்தில் போட்டாலும் பயனில்லை. உங்கள் வெட்டு அதற்கு உறைக்காது, அதன் ஒரே அடியில் நீங்கள் காலி. லெவல் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தால் எண்ணெயும் வேண்டாம், யர்டனும் வேண்டாம், நாலு வெட்டில் கதை முடிந்துவிடும். அப்படியானால் அந்தப் பெஸ்டியரியை எதற்கு எழுதினார்கள்? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நீரில் மூழ்கிச் செத்தவன் பேயாக வந்து கரையில் நிற்கிறான் என்பது கதை. இந்தக் கரையில் நிற்பவன் சாது, அடுத்த கரையில் நிற்பவன் பத்து மடங்கு முரடன் என்றால் அதற்குக் கதையில் ஒரு காரணம் வேண்டாமா?

ஆயுதங்களிலும் இதே தொல்லை. நல்ல வாள் ஒன்று கையில் கிடைக்கும். இன்னும் சில லெவல் ஏறினால்தான் இடுப்பில் கட்டலாம் என்று கேம் தடுக்கும். பிழைப்பே வாள்தான் என்று நரைத்துப்போன கெரால்டுக்கு இந்த நிபந்தனை. எதிரிகளும் நம்மோடு சேர்ந்து வளரும்படி வைக்க ஒரு ஆப்ஷன் பின்னால் வந்தது. அதைப் போட்டால் தெருநாயும் எலியும்கூடச் சேர்ந்து வளர்ந்துவிடுகின்றன. அது மருந்தாகாது.

ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி அவரை வளர்த்து ஆடும் கேம்) என்றால் லெவல் இருக்கத்தானே செய்யும் என்பது நியாயமான கேள்வி. திறமைகள் வளரட்டும், புது மந்திரங்கள் திறக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. இவ்வளவு பெரிய திறந்த உலகத்தில் ஆடுபவரை எங்கேயாவது தடுத்து நிறுத்தவும் வேண்டும்தான். அதற்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று சொன்னாலே போதுமே. வெலனில் அப்படிச் சொல்லக்கூடிய முகங்களுக்குப் பஞ்சமே இல்லை.

எண்ணை மறந்துவிட்டு இந்த கேம் கதை சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன். பாரன் (பிரபு) பிலிப் ஸ்ட்ரெங்கரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குடிகாரக் கணவன், அடிபட்ட மனைவி, கலைந்துபோன கரு. பெயரிடாமல், சடங்கில்லாமல் புதைத்த அந்தச் சிசு பேயாக எழுந்து வருகிறது. வாளை எடுத்துக் கொன்றுவிடலாம். அந்த வழியும் திறந்தே இருக்கிறது. கொல்லாவிட்டால், அந்தக் கோரமான உருவத்தைத் தகப்பனே இரவில் கைகளில் ஏந்திக்கொண்டு வீடு வரை நடக்க வேண்டும். வழியில் அது திமிறும்போதெல்லாம் கெரால்ட் ஆக்ஸி மந்திரத்தால் அமைதிப்படுத்த வேண்டும். வாசற்படியின் கீழே புதைத்து, தேயா என்று பெயர் வைத்து, ‘என் மகள்’ என்று தகப்பன் வாய்விட்டுச் சொன்ன பிறகு அது வீட்டைக் காக்கும் தெய்வமாகிவிடுகிறது. ஸ்லாவ் நாட்டார் நம்பிக்கையை வைத்து வந்த கேம்களில் இதற்கு நிகராக எதையும் நான் பார்க்கவில்லை. அந்த மனிதன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. ஆனாலும் அந்த நடையின்போது ஒருமுறைகூட கண்ட்ரோலரைக் கீழே வைத்ததில்லை.

ஃபைக் தீவில் நடக்கும் முன்னோர் இரவும் அப்படித்தான். போலந்திலும் பெலாருசிலும் இறந்தவர்களை அழைத்து உணவு படைக்கும் ‘ஜியாடி’ (Dziady) என்ற பழைய சடங்கைப் பின்பற்றியது. பெல்லார் என்ற ஊர் மந்திரவாதி மந்திரம் சொல்ல, ஊரார் கூடி நிற்க, நம் வேலை வெறும் காவல். ஸ்கெல்லிகேவின் ஃபைர்லுண்ட் கிராமத்தில் வரும் காட்டு அதிபதியையும் சொல்ல வேண்டும். ஸ்கெல்லிகே பாதி நோர்ஸ், பாதி ஐரிஷ் சாயல் கொண்ட தீவுக்கூட்டம்; அங்கே போய் ஸ்லாவ் காட்டுத் தெய்வமான லெஷியை உட்கார வைத்திருக்கிறார்கள். அது ஒட்டாமல் நிற்கிறது என்பது என் எண்ணம். ஆனால் முதியவர்கள் அதை வணங்க, இளைஞர்கள் கொல்லத் துடிக்க, ஊரில் ஒரு பெண்ணின்மேல் அது தன் முத்திரையை வைத்திருக்க, அந்தப் பெண் அங்கே இருக்கும்வரை அதற்குச் சாவில்லை என்று வரும் முடிச்சு அருமை.

உச்சம், 2015 அக்டோபரில் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் டிஎல்சி (கூடுதல் கதைப் பகுதி). கிராகோவின் பான் த்வார்தோவ்ஸ்கி கதைதான் அதன் அடித்தளம். ரோம் நகரில் மட்டுமே என் ஆன்மாவை எடுக்கலாம் என்று பிசாசோடு ஒப்பந்தம் போட்டவர் அவர். கடைசியில் ‘ரோம்’ என்ற பெயருள்ள சத்திரத்தில் மாட்டிக்கொள்கிறார், தப்பி நிலாவில் தங்கிவிடுகிறார். கேமில் ஓல்கியெர்ட் என்ற பிரபுவின் ஒப்பந்தம் நிலாமீது நின்றால்தான் முடியும். அந்த நிலா எது என்பதை இங்கே உடைக்க மாட்டேன். மழித்த தலை, வளைந்த சேபர் வாள், இடைக்கச்சை என்று பழைய போலந்துப் பிரபுவையே கண்முன் நிறுத்தியிருக்கிறார்கள். கடைசியில், ஒப்பந்தம் போட்ட பிசாசான கான்டர் ஓ’டிம்மை எதிர்கொள்ள வாள் உதவாது. ஒரு விடுகதை. நேரத்துக்குள் விடை கண்டால் பிழைத்தீர்கள். நீங்கள் எந்த லெவலில் இருந்தாலும் அங்கே ஒன்றுதான்.

இதை இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் மற்ற இடங்களில் ஏன் எண்ணை நம்பினார்கள் என்பதே என் ஆதங்கம். 2024 டிசம்பரில் வந்த நான்காம் பாகத்தின் டிரெய்லரில் செர்பியக் கதைகளின் பவுக் என்ற பூதம் வருகிறது, ஊரார் அதற்குப் பெண்ணைப் பலி கொடுக்கிறார்கள். பார்த்ததும் மகிழ்ச்சி. கூடவே, இதற்கும் லெவல் ஒட்டிவிடுவார்களோ என்ற பயம்.

நண்பருக்கு என் பதில்: மெயின் கேம் உங்களுக்கு வேண்டாம். பாரன் கதையை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே வருத்தம்தான். வாரத்தில் இரண்டு இரவு மட்டும் ஆட நேரம் கிடைக்கும் உங்களுக்கு அந்த மண்டை ஓடுகளோடு மல்லுக்கட்டியே ஆண்டு ஓடிவிடும். கம்ப்ளீட் எடிஷன் வாங்கினால் நியூ கேமில் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனை மட்டும் தனியாகத் தொடங்கலாம். உயர்ந்த லெவலில், ஆயுதங்களோடு கெரால்டைத் தயாராகவே கொடுத்துவிடுவார்கள். ஒலியைப் போலிஷுக்கு மாற்றிவிடுங்கள், மினிமேப்பை அணைத்துவிடுங்கள். ஓல்கியெர்டின் பாழ்மாளிகைக்குள் நுழையும் இரவில் ஹெட்போன் கட்டாயம்.