ஆர்மா 4 வரும்வரை எதை ஆடுவது? ஆர்மா 3, ரிஃபோர்ஜர், ஸ்குவாட்

ஆர்மா என்பது போர்க்களத்தை நிஜம்போல் காட்டும் ராணுவ வீடியோ கேம் வரிசை. அதன் அடுத்த பாகமான ஆர்மா 4 2027இல் வரும் என்று, அதைச் செய்யும் செக் நாட்டு போஹேமியா இன்டராக்டிவ் 2024இலேயே சொல்லிவிட்டது. அறிவிப்பு அதைவிடப் பழையது. 2022 மே மாதம் ஆர்மா ரிஃபோர்ஜரை முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்டபோதே நான்காம் பாகத்தையும் உறுதிசெய்தார்கள். ரிஃபோர்ஜர் எதற்காக என்பதையும் மறைக்கவில்லை. என்ஃபியூஷன் என்ற புதிய இன்ஜினை (ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளை) ஆட்டக்காரர்களிடம் கொடுத்து, அவர்கள் அதை உடைத்துக் காட்டக் காட்டச் சரிசெய்து, அதன்மேல் ஆர்மா 4ஐக் கட்டுவதுதான் திட்டம்.

ஆர்மா என்ற பெயரே புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஊர்க் கல்லூரி விடுதிகளை விடிய விடிய விழித்திருக்க வைத்த பப்ஜியின் வேர் இங்கேதான் இருக்கிறது. பிரெண்டன் கிரீன் தன் 'பேட்டில் ராயல்' ஆட்டத்தை முதலில் செய்தது ஆர்மா 2க்கான மோடாக (ஏற்கெனவே உள்ள ஆட்டத்தின்மேல் ஆட்டக்காரர்களே செய்து சேர்க்கும் மாற்றம்), பிறகு ஆர்மா 3க்கான மோடாக. பப்ஜி தனி ஆட்டமாக வந்தது அதற்கப்புறம், 2017இல். ஆனால் பப்ஜியின் வேகத்தை எதிர்பார்த்து இங்கே வந்தால் ஏமாற்றம்தான். ஆர்மாவில் அரை மணி நேரம் நடந்துபோய், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு குண்டில் சாவது சாதாரணம். அதில் ஒரு சுகம் இருப்பதாக நினைப்பவர்களுக்கான ஆட்டம் இது.

கால் ஆஃப் டியூட்டியும் பேட்டில்ஃபீல்டும் இந்த அலசலில் இல்லை. அவை வேறு ஜாதி. ஆர்மா 4க்காகக் காத்திருப்பவர் முன் இருப்பவை மூன்று: 2013 செப்டம்பரில் வந்த ஆர்மா 3, 2023 நவம்பரில் முழுப் பதிப்பான ரிஃபோர்ஜர், அப்புறம் ஸ்குவாட். ஸ்குவாட் போஹேமியாவுடையது இல்லை. கனடாவின் ஆஃப்வேர்ல்ட் நிறுவனத்தின் ஆட்டம். பேட்டில்ஃபீல்டு 2க்காக வந்த 'ப்ராஜெக்ட் ரியாலிட்டி' மோடின் வழியில் உருவாகி 2020இல் 1.0 ஆனது.

பெயரைப் பார்த்து, புதியது நல்லது என்று ரிஃபோர்ஜரை வாங்கிவிட்டு, ஆர்மா 3இல் இருந்ததெல்லாம் எங்கே என்று தேடுகிறவர்கள் நிறைய. ரிஃபோர்ஜர் ஆர்மா 3இன் வாரிசு அல்ல. ஆர்மா 4இன் ஒத்திகை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் பார்க்க வேண்டியது, எதிரே நின்று சுடுவது மனிதனா கணினியா என்பதை. ஸ்குவாட்டில் மனிதர்கள் மட்டும்தான். 50 பேருக்கு எதிராக 50 பேர். கதை கிடையாது, தனியாக உட்கார்ந்து ஆட எதுவும் கிடையாது. ஆர்மா 3 இதற்கு நேர் எதிர். அதன் உயிரே கணினிப் படைகளில் இருக்கிறது. ஒரு முழு நீளக் கதை மூன்று பாகமாக வந்தது. அதை முடித்தபின் ஈடன் எடிட்டரைத் திறந்தால் நீங்களே ஒரு போரை அமைக்கலாம். இந்த மலைமேல் ஒரு இயந்திரத் துப்பாக்கி, அந்தச் சாலையில் ஒரு ரோந்து வண்டி, காலை ஐந்து மணி, பனிமூட்டம் என்று வைத்துவிட்டு ஓடவிட வேண்டியதுதான். அந்தப் படைகள் சில சமயம் புத்திசாலித்தனமாகப் பக்கவாட்டில் வளைத்துத் தாக்கும், சில சமயம் பாலத்தில் லாரியை ஓட்டத் தெரியாமல் ஆற்றில் விடும். இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

ரிஃபோர்ஜர் நடுவில் நிற்கிறது. முன்னோட்டப் பதிப்பில் கணினிப் படைகள் பேருக்குத்தான் இருந்தன. பிறகு வளர்ந்தன. ஆனாலும் ஒரு படைப்பிரிவைத் தனியாளாக வழிநடத்தும் அந்தப் பழைய ஆர்மா அனுபவத்துக்கு இது இன்னும் ஈடாகவில்லை. ஆர்மா 3இல் 'ஜீயஸ்' என்ற பெயரில் வந்த வசதி இங்கே 'கேம் மாஸ்டர்' ஆகியிருக்கிறது. ஒருவர் மேலிருந்து வரைபடத்தைப் பார்த்தபடி எதிரிகளை இறக்க, மற்றவர்கள் கீழே திண்டாடுவார்கள். நண்பர்கள் நான்கைந்து பேர் இருந்தால் ஒரு சனிக்கிழமை இரவுக்கு இது போதும். ஆனால் முறையாக ஒரு பணியை முழுதாக வடிவமைக்க வொர்க்பெஞ்ச் என்ற கனமான கருவிக்குள் போக வேண்டும். ஈடன் அளவுக்கு எளிமை அதில் இல்லை.

நிலப்பரப்பில் மூன்றும் போட்டி போடுவதே இல்லை. ஆர்மா 3இன் ஆல்டிஸ் தீவு 270 சதுர கிலோமீட்டர். கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவைப் பார்த்துச் செய்தது. இதற்குப் பின்னால் ஒரு கசப்பான கதையும் உண்டு. 2012 செப்டம்பரில் லெம்னோஸுக்குப் போன போஹேமியா ஊழியர்கள் இருவரை ராணுவ இடங்களைப் படமெடுத்ததாகச் சொல்லி உளவுக் குற்றச்சாட்டில் கைதுசெய்தார்கள். சுற்றுலாவுக்குத்தான் வந்தோம் என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. 129 நாள் சிறையில் இருந்துவிட்டு 2013 ஜனவரியில் பிணையில் வந்தார்கள். 'லிம்னோஸ்' என்றே இருந்த தீவின் பெயர் பிறகு ஆல்டிஸ் ஆனது.

ரிஃபோர்ஜரின் எவரான் தீவு 50 சதுர கிலோமீட்டர் அளவுதான். 2001இல் போஹேமியாவின் முதல் ஆட்டத்திலேயே வந்த தீவு அது. காலம் 1989, ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் சோவியத். சின்னதாக இருந்தாலும் புல், காடு, வெளிச்சம் எல்லாவற்றிலும் ஆல்டிஸைத் தூக்கிச் சாப்பிடும். மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒரு மரத்தடியில் படுத்துக்கொண்டு தூரத்துச் சாலையைப் பார்த்தால் ஆர்மா 4 எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும்.

அழகு பழசாகிவிட்டாலும் ஆர்மா 3 ஒரு விஷயத்தில் இன்னும் எல்லாரையும் ஏமாற்றுகிறது. 2021 செப்டம்பரில், பஞ்ச்ஷிர் பள்ளத்தாக்கில் பாகிஸ்தான் விமானத் தாக்குதல் என்று சில இந்தியச் செய்திச் சேனல்கள் காட்டிய காட்சி ஆர்மா 3இல் எடுத்தது. உக்ரைன் போரின்போது இப்படிப் பரவியவை இன்னும் அதிகம். கடைசியில் 2022 நவம்பரில் போஹேமியாவே, எங்கள் ஆட்டத்தின் காட்சியை எப்படி அடையாளம் காண்பது என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. மங்கலான, ஆடுகிற, இரவில் எடுத்த வீடியோ என்றால் சந்தேகப்படுங்கள் என்பது அதில் ஒரு குறிப்பு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஸ்குவாட் உண்மையில் ஜெயிக்கும் இடம் பேச்சு. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் குரல், ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கான குரல், குழுத்தலைவர்கள் தங்களுக்குள் பேசும் குரல் என்று மூன்று அடுக்கு. இது முதல் நாளிலிருந்தே வேலை செய்யும். மைக் இல்லாமல் ஸ்குவாட் ஆடப் போனால் குழுத்தலைவர் வெளியே தள்ளிவிடுவார், அதில் தப்பும் இல்லை. முன்பின் தெரியாத எட்டுப் பேர் பத்து நிமிடத்தில் ஒரு படைப்பிரிவுபோல் நகர்வதை இந்த மூன்றில் ஸ்குவாட்டில்தான் அடிக்கடி பார்க்கலாம். ஆர்மா 3இல் உருப்படியான ரேடியோ வேண்டுமென்றால் மோடு போட்டு, டீம்ஸ்பீக் என்ற குரல்பேச்சு மென்பொருளை இணைத்து, ஒரு மாலையைத் தியாகம் செய்ய வேண்டும். ரிஃபோர்ஜரில் ரேடியோ உள்ளேயே இருக்கிறது, அலைவரிசை மாற்றிப் பேசலாம். குறை கருவியில் இல்லை, பேசுகிற ஆட்களில்தான். பொது சர்வர்களில் பலர் வாயே திறப்பதில்லை.

ரிஃபோர்ஜரின் 'கான்ஃப்ளிக்ட்' முறையில் எனக்குப் பிடித்தது லாரி ஓட்டுவது. சிரிக்காதீர்கள். ஒரு தளத்தைப் பிடிக்க உங்கள் ரேடியோ சிக்னல் அதுவரை எட்ட வேண்டும். பிடித்தபின் அங்கே ஆள் இறங்கவும் வண்டி எடுக்கவும் சப்ளை வேண்டும். யாராவது ஒருவர் பின்னாலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தால்தான் முன்னணி நிற்கும். துப்பாக்கியே எடுக்காமல் இரவெல்லாம் யூரல் லாரி ஓட்டிப் பதவி உயர்வு வாங்கும் ஆட்களும் உண்டு. ஸ்குவாட்டிலும் சப்ளை லாரி இருக்கிறது, ஆனால் அங்கே அது ஆரம்பப் பத்து நிமிட வேலை. இங்கே அதுவே போர்.

ஸ்குவாட் 2023 செப்டம்பரில் துப்பாக்கி பிடிக்கும் முறையையே மாற்றியது. ஓடி வந்து நின்றவுடன் குறி ஆடும், பக்கத்தில் குண்டு பறந்தால் பார்வை மங்கும். பழையவர்கள் பலர் கோபித்துக்கொண்டு போனார்கள். நான் அந்த மாற்றத்தின் பக்கம். அதற்கு முன் அது கொஞ்சம் பெரிய வரைபடத்தில் ஓடும் சாதாரணச் சுடும் ஆட்டம்போலத்தான் இருந்தது.

கணினியின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்மா 3 பெரும்பாலும் ப்ராசஸரின் ஒற்றைக் கோரை நம்பி ஓடும் ஆட்டம். புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டாலும் பெரிய சண்டையில் ஃப்ரேம் விழுந்து படம் திக்கத்தான் செய்யும். ரிஃபோர்ஜர் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலாம், எக்ஸ்பாக்ஸிலும் பிளேஸ்டேஷன் 5இலும் ஓடுகிறது. எக்ஸ்பாக்ஸில் முன்னோட்டப் பதிப்பிலிருந்தே மோடுகளும் போட முடிந்தது. மற்ற இரண்டுக்கும் கணினி வேண்டும். ஆகவே கன்சோல் மட்டும் வைத்திருப்பவருக்கு ஒப்பீடு இத்தோடு முடிந்தது.

மோடுகளில் பத்தாண்டுச் சேகரிப்பை யாரும் ஓரிரு வருடத்தில் எட்டிப்பிடிக்க முடியாது. ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் மோடுகளைப் பகிரும் இடமான வொர்க்ஷாப்பில், ஆர்மா 3க்கு இல்லாத நாட்டுப் படை இல்லை, இல்லாத காலமும் இல்லை. ஏஸ் மோடைப் போட்டால் காயத்துக்குக் கட்டுப்போடுவதே ஒரு தனிப் படிப்பாகிவிடும். ஆனால் அவை எல்லாம் பழைய இன்ஜினுக்கும் பழைய நிரல்மொழிக்கும் எழுதியவை. புதிய இன்ஜினில் அப்படியே ஓடாது, திரும்ப எழுத வேண்டும். ரிஃபோர்ஜரில் இப்போதே மோடு செய்துகொண்டிருப்பவர்கள் ஆர்மா 4க்கு முன்கூட்டியே பயிற்சி எடுக்கிறார்கள் என்று சொல்லலாம். மோடு செய்யும் ஆசை உள்ளவருக்கு என் பதில் தயக்கமில்லாமல் ரிஃபோர்ஜர்.

நம் பக்கத்திலிருந்து ஆடுபவருக்குப் பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம், ஒரு தலைவலி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேரடிக் கடலடிக் கேபிள் இருப்பதால் அங்கேயுள்ள சர்வர்களில் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். ஐரோப்பாவில் ஆள் நிறைய, ஆனால் அங்கே இரவு ஒன்பது ஆகும்போது இங்கே நள்ளிரவு தாண்டிவிடும், தாமதமும் கூடும். மனிதரை மனிதர் சுடும் ஸ்குவாட்டில் அந்தத் தாமதம் நேரடியாக உறுத்தும். நண்பர்களோடு சேர்ந்து கணினிப் படையை எதிர்க்கும் ஆர்மா 3இல் பெரிதாகத் தெரியாது. வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு உட்காருகிற ஒருவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது ஆர்மா 4 விஷயம். ரிஃபோர்ஜரில் இல்லாதவற்றைப் பார்த்தாலே நான்காம் பாகம் எதையெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்துவிடும். பெரிய நிலம், சொன்னதைக் கேட்கும் கணினிப் படை, முழு நீளத் தனியாள் கதை, ஈடனுக்கு இணையான எடிட்டர். படமும் சத்தமும் ரிஃபோர்ஜரிலேயே தயாராக இருக்கின்றன. அவற்றை வைத்து வரும் முன்னோட்ட வீடியோக்களைப் பார்த்து நான் மயங்கப் போவதில்லை. எடிட்டரையும் கணினிப் படையையும் காட்டும் நாளில்தான் நிமிர்ந்து உட்காருவேன். அவை சரியாக இல்லையென்றால், ஆர்மா 4 வந்த பிறகும் மக்கள் ஆர்மா 3இலேயே தங்கிவிடுவார்கள்.

வாங்குவதென்றால் என் வரிசை இது. தனியாக ஆடுபவருக்கும், கூட ஆட நான்கு நண்பர்கள் இருப்பவருக்கும் ஆர்மா 3. ஸ்டீம் தள்ளுபடியில் அது அடிக்கடி மலிவாகக் கிடைக்கும். கூடுதல் பொதிகளை முதலில் தொடாதீர்கள், பிடித்துப்போனால் டனோவா தீவுள்ள ஏபெக்ஸ் மட்டும் போதும். நண்பர் இல்லை, மைக் இருக்கிறது, அந்நியர்களோடு பேசக் கூச்சமில்லை என்றால் ஸ்குவாட். அவ்வப்போது இலவச வார இறுதி விடுவார்கள், அதில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கன்சோல்காரருக்கும் மோடு செய்பவருக்கும் ரிஃபோர்ஜர். ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் வசதியை ஆர்மாவில் நம்ப வேண்டாம், எந்தப் பட்டன் எதற்கு என்று கற்பதற்குள் அந்த இரண்டு மணி நேரம் போய்விடும்.