புல்லிங் போன பழைய பிக்கப்: மெக்கானிக் காதா, பம்ப் கடையா, ஸ்கேனரா?

எங்கள் பிக்கப் 2006 மாடல். டர்போ இல்லாத டீசல் என்ஜின், நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளுவது கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்ப். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் ஏற்றுவதும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழைய தூண், கதவு ஏற்றுவதுமாக உழைத்த வண்டி. போன சித்திரையில் அதற்குப் புல்லிங், அதாவது இழுவை, போய்விட்டது. காலியாக ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. கல் ஏற்றிவிட்டால் நாலாவது கியரில் மூச்சு வாங்கும். ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் நிறுத்தினால் தெளிந்து ஓடும், கொஞ்ச தூரத்தில் மறுபடி படுத்துவிடும்.

முதலில் ரோட்டோர மெக்கானிக் அண்ணனிடம் காட்டினோம். சத்தம் கேட்டே வியாதி சொல்லும் ஆள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுவது நாசில்; அதற்குப் போகும் பைப்பின் நட்டை என்ஜின் ஓடும்போதே ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்திப் பார்த்தார். எந்த நட்டைத் தளர்த்தினால் சத்தம் இறங்குகிறதோ, அந்த சிலிண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இறங்காமல் அப்படியே ஓடினால் அதுதான் சோம்பேறி. ஒரு ஸ்பேனர், ஐந்து நிமிஷம், செலவே இல்லாத சோதனை. நாலு நட்டுக்கும் சத்தம் இறங்கியது. இருந்தும் அண்ணன், "நாசில்தான் தம்பி" என்றார். காதால் பார்ப்பவர்களிடம் இருக்கும் ஒரே கோளாறு இதுதான்: போன வாரம் வந்த வண்டியின் வியாதியை இந்த வாரம் வந்த வண்டிக்கும் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு இடித்தது புகை. நாசில் ஒழுகினாலோ ஏர் ஃபில்டர் அடைத்தாலோ லோடில் கரும்புகை தள்ள வேண்டும். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்கணும். வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, இல்லை தண்ணீர் உள்ளே இறங்குகிறது. எங்கள் வண்டியில் இழுவையும் இல்லை, புகையும் இல்லை. அடுப்பில் விறகே இல்லாத மாதிரி.

அடுத்தது டீசல் பம்பும் நாசிலும் பழுது பார்க்கும் பம்ப் கடை. நாசிலைக் கை டெஸ்டரில் மாட்டி அடித்துக் காட்டினார்கள். நல்ல நாசில் பனி மாதிரி பீய்ச்சி, சட்டென்று நிற்கும், கெட்டது சொட்டும். கண்ணெதிரே பார்க்கிறோம், ஏமாற வழியில்லை. இந்த நேர்மைக்காகவே பம்ப் கடைக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன். நாலும் நன்றாகவே இருந்தன. ஆனால் மேஜைக்கு வந்த சாமானைத்தான் அவர்களால் பார்க்க முடியும்; வண்டியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. "பம்பையும் கழற்றிக் கொண்டுவாங்க, காலிபரேஷன் பண்ணிடலாம்" என்றார்கள், டீசல் அளவைச் சரிசெய்கிற வேலை. அங்கேதான் நின்றேன். பம்புக்கு டீசல் ஒழுங்காக வருகிறதா என்று தெரியாமல் பம்பைக் கழற்றுவது வீண் செலவு.

மூன்றாவது ஸ்கேனர், வண்டியின் கம்ப்யூட்டரில் சொருகிக் கோளாறைப் படிக்கும் கருவி. இந்தக் காலத்து வண்டி வைத்திருக்கும் மச்சான் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் வண்டியில் அதைச் சொருக இடமே இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. சரி, அது அவன் தப்பில்லை. கம்ப்யூட்டர் சொல்படி ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் டீசல் போகும் காமன் ரெயில் வண்டி என்றால் கதை தலைகீழ்: அங்கே ஸ்கேனர்தான் முதலில். அந்த வண்டிகளில் நட்டைத் தளர்த்தும் வித்தையை யாரும் செய்யக் கூடாது. பைப்பில் 1000 பாருக்கு மேல் அழுத்தம். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஸ்கேனரும் வலிக்கிற இடத்தைத்தான் சொல்லும். ரெயில் பிரஷர் (அந்தக் குழாயின் அழுத்தம்) குறைவு என்று காட்டியதும் பம்ப் மாற்றுகிறவர்கள் உண்டு. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் ஸ்கேனரில் அதே பிழைக் குறியீடுதான் வரும்.

மூன்று பேரும் பார்க்காத இடம் டீசல் டேங்க். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, கேபினுக்குப் பின்னால் கட்டி, டேங்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றிவிட்டு கேனிலிருந்து ஒரு ஹோஸ் கொடுத்தேன். கைப் பம்பை அடித்து ஏர் எடுத்துவிட்டு, அதே லோடோடு கிளப்பினோம். கானாடுகாத்தான் வரை ஒரு திணறல் இல்லை. டேங்கைக் கழுவும்போது அடிச் சல்லடையில் துருவும், நூல் நூலாகப் பழந்துணியும் ஒட்டியிருந்தன. கேனில் டீசல் வாங்கிவந்து புனலில் துணி வைத்து ஊற்றிய காலத்துச் சொத்து. ஓடும்போது உறிஞ்சலில் போய் அடைக்கும், நின்றால் கீழே விழும். பத்து நிமிஷ ஓய்வின் ரகசியம் அவ்வளவுதான்.

பழைய பம்ப் வண்டிக்கு என் வரிசை: புகை, கேன், நட்டு, அப்புறம்தான் பம்ப் கடை. இடையில் கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா, ஓடி நின்றதும் ஏதாவது ஒரு பிரேக் டிரம் மட்டும் கொதிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் பழி என்ஜின் மேல்தான் விழும். யாராவது "என்ஜின் வேலை" என்றால், டீசலுக்கான கேஜில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்காமல் என்ஜின் ஹெட்டில் கைவைக்க விடாதீர்கள். பெட்ரோல் கேஜ் அந்த அழுத்தத்துக்குத் தாங்காது.

சல்லடையை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருந்தாலும் நாசிலும் கொஞ்சம் வீக்குதான் தம்பி" என்றார்.