மூன்று வருடம் பாவித்துப் பார்த்த வரலாற்று மென்பொருட்கள்

திருகோணமலைக் கோட்டை வாசலில் ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் கல்வெட்டு இருக்கிறதே, அதை நான் பதினொரு தடவை படம் எடுத்திருக்கிறேன். உச்சி வெயிலில் எடுத்தவற்றில் வெறும் கல்தான் தெரிகிறது. வெயில் சாய்ந்து விழுந்த நேரத்தில் எடுத்த ஒன்றில்தான் எழுத்துகள் எழும்பி நிற்கின்றன. அந்த ஒன்றைத் தேடி ஒரு பின்னேரம் முழுக்கப் போனைத் துழாவிய அன்றுதான் ட்ரோப்பி என்ற, ஆவணப் படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளை இறக்கினேன்.

அதற்குக் காசு இல்லை. ஒரு காணி உறுதி ஆறு பக்கம் என்றால் ஆறு படத்தையும் ஒன்றாகக் கட்டி, ஆண்டு, ஊர், யார் வீட்டில் பார்த்தது என்று பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். ஆனால் நான் தொடங்கிய வகைத் திட்டத்தில் படம் உள்ளே வராது. அது கிடக்கும் இடத்தை மட்டும் மென்பொருள் குறித்துக்கொள்ளும். இது தெரியாமல் கோப்புறையை வெளி வட்டுக்கு மாற்றிவிட்டு, படங்கள் எல்லாம் போய்விட்டதென்று ஒரு நாள் சோறு இறங்காமல் இருந்தேன். புதிய இடத்தைக் காட்டிக்கொடுத்ததும் திரும்பி வந்தன.

நூற்பட்டியலுக்கு ஸோட்டெரோ. தமிழ்ப் பெயர்களை முதற்பெயர், கடைசிப்பெயர் என்று பிரிக்காமல் ஒற்றைப் பெட்டியில் போடுங்கள். இல்லாவிட்டால் அகரவரிசை அப்பாவின் பெயரில் போய் நிற்கும்.

படத்திலுள்ள எழுத்தை வாசித்துத் தரும் எழுத்துணரியை அவ்வளவு புகழ மாட்டேன். நான் பாவிக்கும் டெசராக்ட் புதிய அச்சை நன்றாகவே வாசிக்கிறது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்திய அச்சில், தும்பிக்கை வைத்த ‘லை’, ‘னை’ வந்ததும் தடுமாறிப்போகிறது. எங்கள் ஊர்ப் பெயரே அந்த ‘லை’யில்தான் முடிகிறது! ஆகவே ‘திருகோணம’ என்று வெட்டித்தான் தேடுகிறேன். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் வேறு கதை: கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்து. யுனிகோடுக்கு மாற்றாமல் தேடினால் ஒன்றும் அகப்படாது.

அதிகம் கிடைத்தது ஒல்லாந்தர் ஆவணங்களில். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் கையெழுத்துப் பக்கங்கள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குளோபலைஸ் திட்டத்தில் அவற்றில் ஏறக்குறைய 50 லட்சம் பக்கங்களைக் கணினியை வைத்து வாசித்திருக்கிறார்கள். இன்றைய எழுத்துக்கூட்டில் ஊர்ப் பெயரைக் கொடுத்தேன், கொஞ்சம்தான் வந்தது. அந்தக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி அல்லவா எழுதினார்கள்: டிரிங்கெனமாலே, டிரின்கொனமாலே என்று. பக்கத்திலுள்ள கொட்டியாரமும் அப்படித்தான் ஆளுக்கொரு விதமாக வரும். அன்றிலிருந்து ஒரு கொப்பியில், பேனையால், ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி இந்த வேறுபாடுகளைக் குறித்துவருகிறேன். எல்லா மென்பொருளையும் விட அந்தக் கொப்பியைத்தான் அடிக்கடி திறக்கிறேன். ஒல்லாந்த மொழி எனக்குத் தெரியாது. கணினி மொழிபெயர்ப்பில்தான் வண்டி ஓடுகிறது. தேதியையும் தொகையையும் மட்டும் மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடுவதில்லை.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய வரைபடத்தை இன்றைய செய்மதிப் படத்தின் மேல் பொருத்தப் பழக நாலு மாதம் பிடித்தது. இரண்டிலும் ஒரே இடத்தைக் காட்டும் புள்ளிகளை வைத்துத்தான் பொருத்த வேண்டும்; முதலில் அவை எல்லாவற்றையும் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளேயே, அதாவது அந்தக் கல்வெட்டு இருக்கும் கோட்டைக்குள்ளேயே, வைத்துவிட்டேன். கோட்டை அச்சொட்டாகப் பொருந்தியது; துறைமுக வாயிலிலுள்ள ஒஸ்டன்பேர்க் கோட்டை கடலுக்குள் போய் விழுந்தது. புள்ளிகளை மூதூர்ப் பக்கம் வரை பரப்பிய பிறகுதான் அது கரையேறியது.