துடும்பு வாசிக்க எது தோது: குட்டிக் கீபோர்டா, பேட் கட்டமா, ஆக்டோபேடா?

எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சாட்டிவிட்டால் கோயில் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் விடிய விடிய நடக்கும். அந்த ஆட்டத்துக்குக் குச்சியால் அடிக்கும் துடும்பு மேளத்தின் சத்தத்தைப் பதிவு செய்து லேப்டாப்பில் ஏற்றிப் பாட்டுக்குள் கொண்டுவருகிறேன். இதற்கு எந்த மிடி கன்ட்ரோலர், அதாவது லேப்டாப்பில் உள்ள சத்தங்களைத் தட்டி வாசிக்கும் கருவி, வாங்கலாம் என்று தம்பிகள் பலர் கேட்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கன்ட்ரோலருக்குள் சத்தம் கிடையாது. எதைத் தட்டினீர்கள், எவ்வளவு வேகமாகத் தட்டினீர்கள் என்ற தகவலை மட்டும் அனுப்பும். அந்த வேகத்துக்குப் பெயர் வெலாசிட்டி. 1 முதல் 127 வரை ஓர் எண். துடும்புக்கு உயிரே அதில்தான் இருக்கிறது. ஓங்கி விழுகிற அடிக்கு நடுவே மெல்லிய அடிகள் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே சத்தத்தில் வந்தால் தகர டப்பாவைத் தட்டுவது போலத்தான் கேட்கும்.

அதனால்தான் பேட் கட்டமான லாஞ்ச்பேட் மினியைத் தாளத்துக்கு வாங்காதீர்கள் என்கிறேன். விரலால் தட்டும் கட்டங்கள், அதாவது பேட், 64 இருந்தும் வெலாசிட்டி இல்லை. லாஞ்ச்பேட் எக்ஸில் இருக்கிறது. ஏபிள்டன் என்ற இசை மென்பொருளில் தயாராக வைத்த பாட்டுத் துண்டுகளை மேடையில் ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவதற்கு மினியே தாராளம்.

வீட்டில் பாட்டு அமைக்க என் கை போவது அகாய் எம்பிகே மினி என்ற குட்டிக் கீபோர்டுக்குத்தான். 25 கீ, 8 பேட், திருகும் 8 நாப். மெட்டும் தாளமும் ஒரே பலகையில் முடிந்துவிடும். துடும்பில் மெல்லிய அடி, நடு அடி, ஓங்கிய அடி என்று மூன்றையும் தனித்தனியாகப் பதிந்து, ஒரே பேடில் வெலாசிட்டி 50 வரை ஒன்று, 100 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று அடுக்கினேன். அன்றைக்குத்தான் கம்பத்தடிச் சத்தம் வீட்டுக்குள் வந்தது. குறை என்றால் கமகம்தான். சுரத்தை வளைக்க என்னிடம் உள்ள மாடலில் இருப்பது குட்டி ஜாய்ஸ்டிக். நாதஸ்வர இழைவுக்கு அது போதாது. நல்ல வீல் உள்ள பெரிய கீபோர்டுதான் வேண்டும்.

மேடை வேறு விஷயம். ஒரு கல்யாணக் கச்சேரியில் யாரோ கால் தடுக்கி யூஎஸ்பி கேபிள் பிடுங்கிக்கொண்டது. கீயிலிருந்து விரலை எடுத்த தகவல் லேப்டாப்புக்குப் போகவே இல்லை. நாதஸ்வரம் ஒரே சுரத்தில் நின்று இழுத்துக்கொண்டே இருந்தது. பாடியவர் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அப்புறம் கேபிளை ஸ்டாண்டோடு டேப் போட்டு ஒட்டாமல் நான் மேடை ஏறியதில்லை.

நம் ஊர் மெல்லிசைக் குழுக்கள் மின்னணுத் தாளக் கருவியான ஆக்டோபேடை விடாததற்குக் காரணம் இருக்கிறது. 1985-ல் ரோலண்ட் முதல் ஆக்டோபேடைக் கொண்டுவந்தபோது அதுவும் சத்தமில்லாத மிடி கன்ட்ரோலர்தான். பின்னால் வந்த எஸ்பிடி-30 என்ற ஆக்டோபேடுக்குள் சத்தமும் இருக்கிறது. லேப்டாப் வேண்டாம், அதில் போடும் டிரைவர் மென்பொருளும் வேண்டாம். குச்சியால் அடிக்கலாம், துடும்பு பழகிய கைக்கு அதுதான் இயல்பு. விலை மட்டும் குட்டிக் கீபோர்டைப் போலப் பல மடங்கு.

பணம் குறைவென்றால் குட்டிக் கீபோர்டிலேயே மேடை ஏறலாம். விண்டோஸ் லேப்டாப்பில் சத்தத்தின் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் போட்டு, பஃபரை, அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் சாம்பிள்களின் எண்ணிக்கையை, 128-க்கு இறக்குங்கள். நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் தாமதம். 512-ல் விட்டால் 11-ஐத் தாண்டும். வேக நடையில் கை முன்னே போகும், சத்தம் பின்னே வரும். 128-ல் சத்தம் வெடித்தால் 256 வையுங்கள். கச்சேரிக்கு முந்தின நாளே, அதே ஸ்பீக்கரில் வாசித்துப் பாருங்கள்.