கடை மேல் விழுந்த கோர்ட் ஜப்தியை எடுத்துக் கொடுத்த வக்கீல் ஆபீஸ்

கோவையில் நாங்கள் வாங்கிய கடைக் கட்டடத்தின் மேல் விழுந்த ஜப்தியை இந்த வக்கீல்தான் எடுத்துக் கொடுத்தார். ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன்.

விற்றவர் வேறு யாரிடமோ கடன் வாங்கியிருந்தார். கடன் கொடுத்தவர் பண வழக்குப் போட்டு, கடன் வாங்கியவர் சொத்தை விற்றுவிடப் பார்க்கிறார் என்று சொல்லி, தீர்ப்புக்கு முன்பே ஜப்தி உத்தரவு வாங்கிவிட்டார் (சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 38, விதி 5). எங்கள் கிரயப் பத்திரம் அதற்கு முன்பே எழுதி, கையெழுத்தாகி, முழுப் பணமும் போய், பதிவுக்குத் தாக்கலும் ஆகிவிட்டது. ஆனால் கட்டட மதிப்பைக் கள ஆய்வு செய்ய வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தை நிலுவையில் வைத்திருந்தார்கள், அந்த இடைவெளியில்தான் ஜப்தி வந்து உட்கார்ந்தது. ஈசியில் (வில்லங்கச் சான்றில்) எங்கள் கிரயத்துக்கு முந்தின வரியே அதுதான். அதைப் பார்த்ததும் பாங்க், ஓவர்டிராஃப்ட் கடன் தர முடியாது என்றுவிட்டது.

வேறு இடங்களில் கேட்டால் ஹைகோர்ட்டில் ரிட் போடலாம் என்றார்கள், கடன்காரருக்கு ஏதாவது கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள் என்றும் ஒருவர் சொன்னார். யார் கடனை யார் கட்டுவது! இந்த வக்கீல் மட்டும்தான் முதலில் தேதிகளைக் கேட்டார். பத்திரம் கையெழுத்தான தேதி, ஜப்தி தேதி, பதிவு எண் விழுந்த தேதி மூன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முதல் தேதியை வட்டம் போட்டார். பதிவு பிறகு நடந்தாலும் பத்திரம் எழுதிக்கொடுத்த நாளிலிருந்தே செல்லும், பதிவுச் சட்டம் 47 ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது, ஹம்தா அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் வாங்கியவர் பக்கம்தான் நின்றது என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் ஜப்தி போட்ட அதே கோர்ட்டில் கட்டளை 21 விதி 58-ன்படி க்ளெய்ம் பெட்டிஷன், அதாவது சொத்து எங்களுடையது, ஜப்தியை நீக்குங்கள் என்று கேட்கும் மனு. வேண்டுமென்றே தாமதித்தால் மனுவையே எடுக்க மறுக்கலாம் என்பதால் இழுக்காமல் போட்டார். கடனை ஏமாற்ற எழுதிய பத்திரம் இது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. பணம் முழுக்க பாங்க் வழியாகப் போயிருந்ததால் அது எடுபடவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். உத்தரவு வந்ததோடு கட்டைக் கட்டி வைத்துவிடுகிற ஆபீஸ்கள் உண்டு, ஆனால் கோர்ட் ஜப்தியை நீக்கினாலும் ஈசியில் அந்த வரி தானாகப் போகாது, நீக்கிய உத்தரவும் சார்பதிவாளரிடம் போய்ப் பதிவாக வேண்டும். இவருடைய குமாஸ்தா சான்றிட்ட நகல் வாங்கி, அங்கே கொடுத்து, நீக்கம் ஏறிய புது ஈசியை எங்கள் கையில் கொடுத்த பிறகுதான் மீதி ஃபீஸ் கேட்டார்கள். பாங்கும் அதைப் பார்த்துத்தான் அசைந்தது.

குறை என்றால், வக்கீல் ஃபோனை எடுக்கவே மாட்டார். வாய்தா என்ன ஆயிற்று என்று தெரிய சாயங்காலம் நேரில் போக வேண்டும், இல்லையென்றால் ஈகோர்ட்ஸ் ஆப்பில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதிரி உத்தரவுக்கு அப்பீல் உண்டு. எதிர்த்தரப்பு போட்டால் திரும்ப இவரிடம்தான் போவேன்.